கம்ப்யூட்டர் போச்சு என்று முடிவுகட்டும் முன்

பிள்ளைகளின் பரீட்சை நேரத்திலோ மின் கட்டணம் கட்ட உட்காரும்போதோ கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தால், “கம்ப்யூட்டர் போச்சு” என்றுதான் வீட்டில் முதலில் சொல்வார்கள். முழுக் கம்ப்யூட்டரும் ஒரே நாளில் போவது மிக அபூர்வம். மேஜைக் கம்ப்யூட்டரின் பெட்டிக்குள் இருப்பவை எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, ப்ராசசர், அதன்மேல் ஒரு மின்விசிறி, ரேம், ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி அவ்வளவுதான். பெரும்பாலும் ஒவ்வொன்றையும் தனியே கழற்றலாம், தனியே வாங்கலாம். எது கெட்டது என்று தெரியாத வீடு முழுப் பெட்டிக்கும் பணம் கொடுக்கிறது. தெரிந்த வீடு அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் கொடுக்கிறது. அதற்கு உதவும் குறிப்புகள் இவை.

1. பெட்டியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியும். நைலான், பாலியஸ்டர் உடையில் இந்த வேலைக்கு உட்கார வேண்டாம், பருத்தி நல்லது. உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலே ரேமையும் மதர்போர்டையும் கெடுத்துவிடும். அதனால் உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பின்புறத்தில் இரண்டு திருகுகளை ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினால் பக்கவாட்டுத் தகடு நகர்ந்து வரும். எந்த ஒயரைப் பிடுங்குவதானாலும் முதலில் கைபேசியில் ஒரு படம். திருகுகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள்.

2. விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் பாருங்கள். அதே சுவிட்ச் போர்டில் கைபேசி சார்ஜரைச் செருகினால் மின்சாரம் வருகிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்தது பவர் கேபிள். பல மானிட்டர்களுக்கும் பெட்டிக்கும் ஒரே மாதிரி கேபிள்தான் வருகிறது. மானிட்டரின் கேபிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பார்த்தால் செலவில்லாமல் ஒரு சந்தேகம் தீரும். பெட்டியின் பின்னால் ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். வீட்டைப் பெருக்கும்போது கை பட்டு அது அணைந்திருப்பது உண்டு. இவை எல்லாம் சரியாக இருந்தும் அசைவில்லை என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான்.

3. எஸ்எம்பிஎஸ் என்பது பெட்டிக்குள் கற்றையாக ஒயர்கள் கிளம்பும் தகர டப்பா. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி மற்ற பாகங்களுக்குப் பிரித்துத் தருவது அது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஆகவே அந்த டப்பாவை மட்டும் வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. கெட்டால் அப்படியே மாற்றுவதுதான் முறை. இந்த ஒரு பாகத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பெயர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ் எரியும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, 80 ப்ளஸ் முத்திரையுள்ள 450 வாட் தாராளம்.

4. பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுரீர் என்று லேசாக ஷாக் அடிக்கிறதா? “கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. வீட்டு ஒயரிங்கில் எர்த் இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறி அது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் வடிகட்டி, மிகச் சிறிய அளவு மின்சாரத்தை எர்த் வழியாக வெளியேற்றும்படி அமைந்தது. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியின் இரும்பில் தங்கி, தொடுகிறவர் வழியாகப் போகப் பார்க்கும். டெஸ்டரை வைத்தால் எரியும். இந்த அளவு மின்சாரம் உயிரை எடுக்காது என்றாலும், நாளைக்கு உள்ளே ஒரு ஒயர் நைந்து இரும்பில் பட்டால் காப்பாற்ற வேண்டிய வழியே அடைபட்டிருக்கிறது என்று பொருள். மூன்று பின் ப்ளக்கின் பெரிய பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் பாயிண்டில் செருகுவது, மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டர் போடுவது இரண்டையும் நிறுத்துங்கள். கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம் இது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் குழந்தைகள் தொடும் சாமான் அல்லவா?

5. எறும்பு, பல்லி, கரப்பான். நம் ஊர் வீடுகளில் இவற்றால் கெடும் கம்ப்யூட்டர்கள் ஏராளம். பெட்டிக்குள் இருக்கும் கதகதப்பு அவற்றுக்குப் பிடிக்கும். பின்புறத்தில் கார்டுகளைப் பொருத்துவதற்கான நீள இடுக்குகளில் தகடு இல்லாமல் திறந்து கிடந்தால் அதுதான் வாசல். அந்தத் தகடுகள் கடையில் தனியே கிடைக்கும், வாங்கி மூடிவிடுங்கள். ஓடும் மதர்போர்டின் மேல் பல்லி விழுந்தால் அதுவும் போகும், போர்டும் போகலாம். பூச்சி மருந்தை உள்ளே அடிக்கவே கூடாது. மேஜைமேல் முறுக்கும் மிக்சரும் சிந்தாமல் பார்த்துக்கொள்வதே போதுமான மருந்து.

6. அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் தானாக அணைகிறது, விசிறி முன்னைவிட அதிகமாக இரைகிறது, எதைத் திறந்தாலும் தாமதம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் தூசியைச் சந்தேகப்படுங்கள், வைரஸை அல்ல. ப்ராசசர்தான் எல்லாக் கணக்கையும் போடுகிற சில்லு. சூடு ஏறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல சில்லுகளில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடுதான் எல்லை. அதையும் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அதன் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் தூசி கம்பளிபோலப் படிந்துவிட்டால் விசிறி எவ்வளவு சுற்றியும் காற்று இறங்காது.

சுத்தம் செய்வது எளிது. பெட்டியை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், உலர்ந்த மென்மையான பெயிண்ட் பிரஷால் தகடுகளைத் தட்டிவிட்டு, ப்ளோயர் இருந்தால் சற்றுத் தள்ளி நின்று ஊதுங்கள். ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் அதன் பேரிங் கெடும். வாக்குவம் க்ளீனரின் குழாயை போர்டில் உரச விடாதீர்கள், அது நிலைமின்சாரத்தை உண்டாக்கும். ஈரத்துணி உள்ளே வேண்டவே வேண்டாம்.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கும் வீடுகள் நம்முடையவை. இந்தச் சுத்தத்துக்கு அதற்கு முந்தைய நாளையே வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒருமுறை தவறாது. சாலையோர வீடாக இருந்தால் பொங்கலுக்கு இன்னொருமுறை செய்யலாம். சந்தனம், குங்குமத்தைப் பெட்டியின் வெளித்தகட்டில் வையுங்கள். விசிறிக் கம்பி வலைக்கும் கீபோர்டுக்கும் பக்கத்தில் குங்குமப் பொடியும் விபூதியும் போனால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

7. பெட்டி இருக்கும் இடத்தையும் பாருங்கள். கம்ப்யூட்டர் மேஜையின் கீழே கதவு போட்ட அறைக்குள் தள்ளி வைத்தால், வெளியேற்றிய சூட்டையே அது திரும்ப இழுக்கும். கதவைக் கழற்றிவிடலாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். தரையோடு வைத்தால் பெருக்கும் தூசியும் துடைக்கும் தண்ணீரும் சேரும், ஒரு மணைப்பலகை போட்டு உயர்த்தினால் இரண்டும் குறையும்.

8. ப்ராசசர் மேலிருக்கும் விசிறியையும் அலுமினியக் கட்டியையும் தேவையில்லாமல் கழற்ற வேண்டாம். கழற்றினால் நடுவில் இருக்கும் வெப்பப் பசையை வழித்துவிட்டு, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்த பிறகே மாட்ட வேண்டும். அதற்குப் பதிலாகப் பற்பசை வைக்கலாம் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அது சீக்கிரமே காய்ந்து உதிர்ந்து ப்ராசசரைச் சூட்டில் விட்டுவிடும்.

9. விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பு, உள்ளிருந்து பீப் பீப் என்று சத்தம். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் ரேமைப் பாருங்கள். மதர்போர்டில் செங்குத்தாக நிற்கும் நீளப் பட்டை அது. இரு முனையிலும் இருக்கும் பிடிகளை விரித்தால் மேலே எழும்பும். கீழ் ஓரத்தில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள் இருக்கும். காற்றின் ஈரத்தாலும் தூசியாலும் அவற்றில் படலம் படிந்தால் தொடர்பு அறும். கடலோர ஊர்களில் இது அதிகம். பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகள்களை பிரஷால் தட்டிவிட்டு, பிடிகள் ‘டக்’ என்று தாமாக மூடும்வரை நேராக அழுத்துங்கள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. கெட்டது எது என்று தெரிந்துவிடும். ரப்பர் ஒன்றால் தீரும் இந்தக் கோளாறுக்காகப் பலர் புதுக் கம்ப்யூட்டரே வாங்கியிருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

10. ரேம் கூடுதலாக வாங்குவதானால் இருக்கும் பட்டையின் ஸ்டிக்கரைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். டிடிஆர் 3, டிடிஆர் 4, டிடிஆர் 5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராதபடி நடுவிலிருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். பலவந்தமாக அழுத்தினால் மதர்போர்டின் துளையே உடையும். லேப்டாப்புக்கான பட்டை இன்னும் குட்டை. அளவு என்று பார்த்தால், இணையம் பார்க்க, கடிதம் அடிக்க, பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் உட்கார 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

ரேமில் இருப்பது மின்சாரம் உள்ளவரைதான் இருக்கும். சேமிக்காமல் அடித்துக்கொண்டிருந்த கடிதம் கரண்ட் போனதும் காணாமல் போவது இதனால்தான். படங்களும் கோப்புகளும் நிலையாகத் தங்குவது ஹார்டு டிஸ்க்கில். ‘மெமரி ஃபுல்’ என்று கடைக்காரரிடம் சொன்னால் எதைச் சொல்கிறீர்கள் என்று அவருக்குப் புரியாது. வேகம் போதவில்லையா, வைக்க இடம் போதவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

11. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கிறது. வங்கித் தளத்தைத் திறந்தால் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரிக்கை வருகிறது. இரண்டுக்கும் காரணம் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரியாக இருக்கலாம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அதன்மேல் சிஆர் 2032 என்று எழுதியிருக்கும். விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 3 வோல்ட். கடிகாரக் கடையிலேயே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பிளஸ் குறி மேலே தெரியும்படி வைத்து, தேதியைத் திருத்தினால் வேலை முடிந்தது.

பழைய பேட்டரியை மேஜையில் விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிச் சில மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிய பேட்டரியையும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

12. பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் அது எஸ்எஸ்டியாக இருக்கட்டும். ஹார்டு டிஸ்க் உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, ஒரு சிறு கை அவற்றின்மேல் ஓடி ஓடிப் படிக்கிறது. 1956-ல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் இருந்தன. அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கைபேசிப் புகைப்படம் ஒன்றிரண்டைப் போட்டால் நிறைந்துவிடும் இடம். அளவு எவ்வளவோ சுருங்கினாலும் சுழலும் தட்டு என்ற முறை மாறவில்லை. எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை, எல்லாம் சில்லுகள். அதனால் சாதாரண சாட்டா வகை எஸ்எஸ்டியே விநாடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும், ஹார்டு டிஸ்க் 100 முதல் 200-க்குள் நிற்கும். சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும்போது இடைவெளி இதைவிடப் பல மடங்கு. பத்து வருஷத்துக் கம்ப்யூட்டர்கூட எஸ்எஸ்டி மாட்டியதும் நிமிடக்கணக்கில் காக்க வைக்காமல் விநாடிகளில் எழுந்துவிடும். பழைய டிஸ்க்கை எறிய வேண்டாம், படங்களை வைக்க இரண்டாவதாக அங்கேயே இருக்கட்டும்.

வாங்கும் முன் உங்கள் மதர்போர்டு எந்த வகையை ஏற்கும் என்று கேளுங்கள். சீட்டுக்கட்டு வடிவில், கேபிளால் இணைப்பது சாட்டா. சூயிங்கம் பட்டைபோல 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமுமாக நேரே போர்டில் படுப்பது எம்.2. பழைய போர்டுகளில் இதற்கு இடமே இருக்காது. 1 டிபி வாங்கி மாட்டினால் திரையில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 என்று எண்ணுகிறது.

13. ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் அன்றைக்கே வேறு எந்த வேலையும் செய்யாமல் கோப்புகளை நகலெடுங்கள். முதலில் திரும்ப எடுக்க முடியாதவை: கல்யாணப் படங்கள், பட்டா, பத்திர நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள். சினிமா கடைசியில். எஸ்எஸ்டி இப்படிச் சத்தம் போட்டுச் சொல்லாது, ஒரு காலையில் அப்படியே நின்றுவிடும். எது வைத்திருந்தாலும் முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியே மாட்டும் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. மூன்றாவது கூகுள் டிரைவாகவும் இருக்கலாம், அக்கா வீட்டுப் பீரோவில் ஒரு பென் டிரைவாகவும் இருக்கலாம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, கம்ப்யூட்டரும் அதன் நகல் வைத்த டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்த வீடுகளில் இரண்டும் சேர்ந்தே நனைந்தன.

14. யூபிஎஸ் பெட்டிமேல் 600 விஏ என்று இருந்தால் 600 வாட் என்று நினைக்க வேண்டாம், பொதுவாக 360 வாட் அளவே தாங்கும். அது வேலையைத் தொடர்வதற்கு அல்ல. சேமித்துவிட்டு முறையாக அணைப்பதற்கான சில நிமிட அவகாசம்தான் அதனிடம் இருக்கிறது. பெட்டி, மானிட்டர், இன்டர்நெட் ரௌட்டர் மூன்றையும் மாட்டலாம். லேசர் பிரிண்டரை மாட்டக் கூடாது, மையைக் காகிதத்தில் ஒட்ட அது உள்ளே சூடேற்றும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது. கரண்ட் போன மாத்திரத்தில் யூபிஎஸ்ஸும் அணைந்தால் பெரும்பாலும் கெட்டது உள்ளேயிருக்கும் 12 வோல்ட் பேட்டரி மட்டுமே. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தேய்வது இயல்பு. பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்கள் பின்புறத்தில் இருக்கும் சுவிட்சை யூபிஎஸ் நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் மாறும் அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்து எழும்.

15. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி தொடங்கியதும் ப்ளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சின் உள்ளே இருக்கும் சிறு இடைவெளியைத் தாண்டுவது மின்னலுக்கு ஒன்றுமே இல்லை. நிறையப் பேர் மறப்பது நெட் கேபிளை. செம்புக் கம்பி வழியாக வரும் இணைப்பானால் மின்னல் அந்த வழியாகவும் ரௌட்டருக்குள் இறங்கி மதர்போர்டின் லேன் துளையைச் சுட்டுவிடும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் ரௌட்டரின் அடாப்டரைப் பிடுங்கத்தான் வேண்டும்.

16. மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வந்தால் மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, படம் வந்து சேரவில்லை. கேபிளின் இரு முனைகளையும் கழற்றிச் செருகுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், மேலே மதர்போர்டின் துளையில் அல்ல. திரையைத் துடைக்க மூக்குக்கண்ணாடித் துணியில் சில சொட்டு வெறும் தண்ணீர் போதும், ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் திரவம் திரையின் பூச்சை உரித்துவிடும்.

17. கீபோர்டில் டீ கொட்டினால் ஒயரைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பிடியுங்கள். ஒயர் உள்ள சாதாரணக் கீபோர்டானால் குழாய்த் தண்ணீரிலேயே அலசி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டுப் பார்க்கலாம். சர்க்கரை தங்கினால்தான் பொத்தான்கள் ஒட்டும். லேப்டாப்பில் இது ஆகவே ஆகாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வைத்து, போடாமலே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயன் இல்லை.

தமிழில் தட்டச்சு செய்ய தனிக் கீபோர்டு வாங்க வேண்டியதில்லை. தமிழக அரசு 1999-ல் ஏற்ற தமிழ்99 முறை சாதாரணக் கீபோர்டிலேயே வேலை செய்யும்.

18. நீலநிற யுஎஸ்பி துளை கறுப்பைவிட வேகமானது. வெளி டிஸ்க்கையும் பென் டிரைவையும் அதில் செருகுங்கள். மவுஸுக்கும் கீபோர்டுக்கும் கறுப்பே போதும்.

19. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் எத்தனையோ வீடுகளின் பரணில் கிடக்கிறது. இறக்கிப் பாருங்கள். அடிப்பாகம் உப்பியிருந்தாலோ டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடக் கூடாது, குத்தவும் அழுத்தவும் கூடாது. கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டலாம். பேட்டரி நன்றாக இருந்தால் ஒரு எஸ்எஸ்டியும் கொஞ்சம் ரேமும் போட்டு லினக்ஸ் ஏற்றினால் பாட்டி பக்திப் பாடல் கேட்கவும் பிள்ளை தட்டச்சு பழகவும் உதவும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஐ இந்தப் பழைய இயந்திரங்கள் ஏற்காது. லினக்ஸுக்குக் காசில்லை.

சார்ஜர் தொலைந்து வேறு வாங்கும்போது வோல்ட் எண் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

20. கடைக்குக் கொடுக்கும் முன் ரேம், டிஸ்க் இரண்டின் ஸ்டிக்கர்களையும் சீரியல் நம்பர் தெரியப் படமெடுங்கள். கோளாறு டிஸ்க்கில் இல்லை என்றால் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் படங்கள் அந்நியர் கைக்குப் போக வேண்டாம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், புதிய பாகத்தின் சீரியல் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும், பின்னால் உத்தரவாதம் கேட்கப் போகும்போது பேசுவது அந்த நம்பர்தான்.

21. உண்மையிலேயே ஓடாத பாகங்களைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பழைய போர்டுகளின் பற்றவைப்பிலும் பழைய டப்பா மானிட்டரின் கண்ணாடியிலும் ஈயம் இருக்கிறது. தெருவோரம் எரித்துச் செம்பு எடுக்கும்போது அந்தப் புகையைக் குடிப்பவை அங்கே விளையாடும் குழந்தைகள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் சேகரிப்பு மையம் எங்கே என்று போட்டிருப்பார்கள். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கை மட்டும் எடுத்து, தட்டு இருக்கும் இடத்தில் டிரில்லிங் மெஷினால் இரண்டு மூன்று ஓட்டை போட்டுவிடுங்கள். எஸ்எஸ்டி என்றால் உள்ளேயிருக்கும் ஒவ்வொரு சில்லும் உடைய வேண்டும்.